அம்மைப்பால் வந்த வழி

நோயுற்றார் மருத்துவன் வாயிலை நாடிச் செல்லுதல் எந்நாட்டும் எக்காலத்தும் உள்ள வழக்கம். நோய் வருமுன்னரே, நோயில்லாதார் வாழும் ஊரையும் தெருவையும் நாடி மருத்துவன் வருதல் அத்துணைப் பழைய வழக்கமன்று. அது நம் நாட்டில் எப்பொழுது தொடங்கிற்று, எவ்வழியாய் வந்தது, வந்தவிடத்து நம்மவர் அதனை எங்ஙனம் எதிர்கொண்டனர் என்பவற்றை ஒருவாறு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் சங்கத்தார் ஊர்தோறும் மருத்துவ வண்டி ஒன்று செலுத்தக் கருதியிருக்கும் இவ்வேளையில், இவ்வரலாறு அன்பர்களுக்குப் பயன்படும் என்று நம்புகின்றோம்.

வைசூரி என்றும் பெரியம்மை என்றும் வழங்கிய கொடுநோயை இன்று கண்ணாற் கண்டவர் அருகிவிட்டனர். அது கண்டாரில் நூற்றுக்கு முப்பதின்மர் அளவில் மாண்டனர். பிழைத்தவருட் பலர் முகத்தில் வடுவும், சிலர் கண்ணிழப்பும் பெற்றனர். நம் பாட்டிமார் அதனை நோயென்று சொல்லவும் அஞ்சினர். 'அம்மை வார்த்திருக்கிறது', 'தாய் விளையாடுகிறாள்' என்றே கூறுவர்; கொப்புளத்தை முத்து என்பர். வாயிலில் வேப்பிலை செருகுதலும், அயலார் அவ்வீட்டினுள் புகாது விலகுதலும், தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை வீட்டில் தாளிதம் செய்யாதிருத்தலும் வழக்கமாயிருந்தன. இவற்றுள் பிறரை உட்புகவிடாத வழக்கம் ஒன்று மட்டும் தொற்றைத் தடுக்க உண்மையிலேயே ஓரளவு உதவியிருத்தல் கூடும். ஏனையவை மனத்திற்கு ஆறுதலளித்தன. அதனையும் நாம் இகழ்தற்கில்லை.

வருமுன் காக்கும் முறை ஒன்று இந்நாட்டிலும் முன்னரே இருந்தது. வங்காளத்தில் டீக்காதார் எனப்பெற்றவர் இளவேனிற் பருவத்திற்குச் சற்று முன்னர்க் குழுக்களாய்ப் புறப்பட்டு ஊரூராய்ச் சென்று, முந்திய ஆண்டில் அம்மை கண்டவர் கொப்புளத்தினின்றும் எடுத்த பொருளைப் பிள்ளைகளின் கையிற் சிறிது கீறி வைப்பர். பத்தியமும் பூசையும் விதிப்பர். ஹால்வெல் என்னும் ஆங்கிலேயர் 1767-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் கழகத்தார்க்கு இம்முறையை விரித்தெழுதினர். ஆகவே ஊர்தேடி வந்த முதன் மருத்துவர் என்னும் பெயர் இந்த டீக்காதார்க்கே உரியதெனலாம். ஆயினும் அவர் வைத்தது மெய்யான அம்மையே. வைக்கப்பெற்ற பிள்ளைகளுட் சிலர் அதனாலேயே இறந்தனர். பிழைத்த பிள்ளையிடமிருந்து அண்டை வீட்டார்க்கு நோய் பரவுதலும் உண்டு. தென்னாட்டில் இம்முறை அத்துணைப் பரவவில்லை.

இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்பார் 1796 மே 14-ஆம் நாள், மாட்டம்மை கண்ட பால்காரப் பெண்ணொருத்தியின் கைக்கொப்புளத்து நீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கையில் வைத்துச் சோதித்ததும், 1798-இல் அதனை நூலாக வெளியிட்டதும் பலரும் அறிந்தவை. இலத்தீன் மொழியில் பசுவைக் குறிக்கும் சொல்லினின்றே 'வாக்சின்' என்னும் பெயர் பிறந்தது. தமிழ் மக்கள் அதனை அம்மைப்பால் என்றனர். எங்கோ ஓர் அயல்நாட்டுப் பசுவிடத்துப் பிறந்த பொருளுக்குத் தாயையும் பாலையும் சேர்த்துப் பெயரிட்ட இம்மக்களின் சொல்லாண்மையை வியவாதிருத்தல் இயலாது. இப்பெயரை ஆக்கியவர் புலவரல்லர் என்பதையும் பண்டிதராகிய யாம் ஒப்புக்கொள்ள வேண்டியவராகின்றோம்.

இனி, அப்பால் இந்நாட்டிற்கு வந்த வழி. கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வருதற்குப் பல திங்கள் ஆகும். அதற்குள் பால் உலர்ந்து வலிவிழக்கும். வியன்னா நகரத்து மருத்துவர் தெ காரோ என்பவர், பாலில் தோய்த்த பஞ்சினைக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து, மெழுகினால் மூடி, தரைவழியே கீழைநாடுகளுக்கு அனுப்பினர். கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாது, பாசுரா ஆகிய நகரங்களின் வழியாக அது பம்பாயை அடைந்தது. 1802 ஜூன் 14-ஆம் நாள் பம்பாயில் ஆனா தஸ்தால் என்னும் மூன்று வயதுப் பெண்குழந்தையின் கையில் அது பலித்தது. இந்நாட்டில் அம்மைப்பால் முதன்முதற் பலித்த கை அதுவே. அவ்வாண்டிலேயே அக்குழந்தையிடமிருந்து தொடர்ந்த பால் ஐதராபாத்து, சென்னை, இலங்கை ஆகிய இடங்களையும் அடைந்தது.

அஃது எங்ஙனம் அடைந்தது என்பதே இவ்வரலாற்றில் யாம் அன்பர்களை நின்று நோக்க வேண்டும் இடம். அக்காலத்துப் பாலைக் குப்பியில் அடைத்துக் கொண்டுசெல்லும் வகை செவ்வனே அறியப்படவில்லை. ஒரு குழந்தையின் கையில் வைத்த பால் எட்டாம் நாளளவிற் கொப்புளமாய்ப் பழுக்கும். அந்நாளில் அக்கொப்புளத்தைக் கீறி, ஊறும் நீரை உடனே மற்றொரு குழந்தையின் கையில் வைத்தல் வேண்டும். அக்குழந்தைக்கு எட்டாம் நாள் வரும்போது மூன்றாவதொரு குழந்தை வேண்டும். விளக்கினின்று விளக்கேற்றிச் செல்லுதல் போன்றது இது. உரிய நாளில் அடுத்த கை கிடையாதொழியின் விளக்கு அவிந்துபோம்; மீட்டும் தொலைவிலுள்ள ஊரிலிருந்து பால் தருவித்தல் வேண்டும். ஸ்பெயின் நாட்டார் இம்முறையாலேயே கடலையும் கடந்தனர். 1803 நவம்பர் 30-ஆம் நாள் பால்மிஸ் என்னும் மருத்துவர் 22 சிறுவர்களைக் கப்பலேற்றிப் புறப்பட்டு, குறித்த நாட்கள் இடைவிட்டு இருவர் இருவராய்ப் பால் வைத்துக்கொண்டே அமெரிக்கா சேர்ந்தனர். அச்சிறுவர் தாய்தந்தையற்ற அனாதைகள். அவரைப் பேணுதற்கு இசபெல் செந்தால் என்னும் அம்மையார் உடன் சென்றனர். நடமாடும் மருத்துவமனை என்று இக்காலத்தார் கூறுவதற்கு ஒரு முன்னோடி வேண்டுமாயின் அக்கப்பலைக் கூறலாம்; ஆனால் அதில் மருந்துப் பெட்டியாயிருந்தவை பிள்ளைகளின் உடல்களே.

நம் நாட்டில் இத்தொடரின் கண்ணிகளாய் நின்ற பிள்ளைகள் யாவர்? பெரும்பாலும் ஏழைகளின் பிள்ளைகள். மறுத்துரைக்கும் வலியற்ற தாய்மாரின் பிள்ளைகள். பால் வைக்க வருவார் அத்தாய்மார்க்குச் சிறுதொகை கொடுத்து, பழுத்த கொப்புளத்தோடு கூடிய குழந்தையை அடுத்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு வரச் செய்வர். வெயிலில் நடந்து, காய்ச்சலுற்ற குழந்தையின் கையை மேலும் மேலும் கீறுதற்கு நீட்டிய அத்தாய்மாரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

அங்ஙனம் வந்த குழந்தையைக் கண்டு உயர்ந்தோம் என்று கருதிய குடியினர் கதவடைத்தனர். இன்ன குலத்துப் பிள்ளையின் கைநீர் எம் பிள்ளையின் குருதியிற் கலப்பதோ என்பது அவர் கேள்வி. தம் குலத்துப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்த பாலாயின் ஏற்போம், அன்றேல் வேண்டா என்றாரும் உளர். வெள்ளையருள்ளும் இந்நாட்டுப் பிள்ளைகளின் கைப்பாலை விரும்பாதார் பலர். இக்கேள்வியைக் கேட்டவருள் நம் மரபினர் இலர் என்று எழுத எமக்கு விருப்பமே. எழுதுதற்குச் சான்று இல்லை. குலப்பெருமை பேசும் ஏடுகளில் இத்தகைய செய்திகள் இடம்பெறுவதில்லையாதலின், இவ்விதழிலேனும் இடம்பெறுக.

ஒன்று கூறுதல் நேர்மையாகும். கையினின்று கைக்குப் பால் மாற்றுவதில் மெய்யான தீங்கு ஒன்று இருந்தது. இத்தாலி நாட்டில் ரிவால்தா என்னும் ஊரில் 1861-ஆம் ஆண்டில் ஒரு குழந்தையின் கைப்பால் வழியே நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மேகநோய் பற்றியது. ஆகவே பிறர் உடல்நீரை அஞ்சிய அச்சம் முற்றும் மூடமென்று தள்ளத்தக்கதன்று. ஆனால் மேகநோய் குலம் பார்த்து நிற்பதில்லை. அஞ்ச வேண்டியது நோயுற்ற கையை. நம்மவர் அஞ்சியதோ தாழ்த்தப்பட்டார் கையை. இவ்விரண்டும் வேறென்று அறியாமையால் எத்தனை பிள்ளைகள் வைசூரிக்கு இரையாயினர் என்று கணக்கிட்டார் இலர்.

சென்னையில் தொடக்கக் காலத்தில் இப்பணியைத் தலைமேற்கொண்டவருள் சுவாமி நாயக்கர் என்னும் வைத்தியர் குறிப்பிடத்தக்கவர். இந்நாட்டு மருத்துவர் ஒருவர் தாமே கற்றுத் தம் மக்களிடையே உழைத்தமையால் ஐயம் நீங்கினார் பலர். மைசூர் அரண்மனைப் பெண்டிர் மூவரைத் தாமஸ் ஹிக்கி என்பார் 1805-ஆம் ஆண்டளவில் தீட்டிய ஓவியம் ஒன்றுண்டு. அதில் இளம்பெண் ஒருத்தி மேலாடையைச் சற்று ஒதுக்கிக் கையின் மேற்பகுதியைச் சுட்டி நிற்கின்றாள். அம்மை குத்துதலைக் குடிகளிடைப் பரப்புதற்கே அஃது எழுதப்பெற்றதென்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். அரசியே கை நீட்டின் குடிகள் நீட்டுவர் என்பது கருத்துப் போலும்.

இனித் தமிழறிந்தார்க்குச் சுவை தரும் ஒரு செய்தி. திருக்குறட்கு உரை வகுத்தவரும், சென்னையில் கிணறுகள் எடுப்பித்துத் தமிழ்க் கல்வெட்டுப் பொறித்தவருமாகிய எல்லீசர், மக்கள் அம்மைப்பாலை ஏற்குமாறு தமிழில் ஒரு கதை புனைந்தனர். அதிற் சக்தி தேவியும் தன்வந்திரியும் உரையாடுவர். அம்மை வகைகளுக்கு மேலாகப் பசுவின் வழியே தாம் அருளும் ஒன்று உளதென்றும், அதனை ஏற்றார்க்கு ஏனையவை வாராவென்றும் தேவியே கூறுவதாக அமைந்தது அது. 1819-ஆம் ஆண்டில் சென்னையில் வெளியான ஆங்கில இதழொன்றில், கல்வி விரும்புபவன் எனப் பொருள்படும் தமிழ்ப் புனைபெயரோடு ஒரு கடிதம் வந்தது. தன்வந்திரி இயற்றிய வடநூலொன்றில் மாட்டம்மைப்பால் வைக்கும் முறை முன்னரே கூறப்பட்டுளது என்பது அதன் கருத்து. அதன் பின்னர் நூறாண்டிற்கு மேலாக, இம்முறை நம் முன்னோர் அறிந்ததே, ஜென்னர்க்கு முன்னரே நம் நூல்களில் உள்ளதே என்று மேலைநாட்டாரும் நம்மவரும் மாறி மாறி எழுதி வந்தனர். பிற்கால ஆராய்ச்சியாளர் பழைய மருத்துவ வடநூல்களில் தேடியும் அத்தகைய பகுதி காணப்படவில்லை.

எல்லீசர் நோக்கம் நன்றே. அவர் தமிழன்பு போற்றத்தக்கதே. ஆயினும் மக்களை அறிவுறுத்தற்கு அவரை ஏமாற்றுதல் தகுமோ? தேவி சொன்னாள் என்று கேட்டுக் கைநீட்டியவன், மற்றொருவன் வந்து தேவி வேண்டாமென்றாள் எனின் மடக்கிக்கொள்வான். முன்னோர்க்கு இல்லாத பெருமையைச் சூட்டி மகிழும் வழக்கமும் இதனால் வளர்ந்தது. நம் முன்னோர்க்கு உரிய பெருமைகள் மெய்யாகவே பல இருக்க, இஃதென்ன வறுமை!

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் அம்மை குத்துவோர் என்னும் அரசாங்கச் சிற்றூழியர் கால்நடையாய் ஊர்களுக்கு வந்தனர். ஊர் முன்சீபும் கணக்கரும் பிள்ளைகளைக் கூட்டிவைத்தல் வேண்டும். கூட்டிவைக்கும் முன்னரே தாய்மார் சோளக்கொல்லையில் ஒளிவர். 1880-ஆம் ஆண்டுச் சட்டம், குறித்த சில நகரங்களிலும் படைவீடுகளிலும் அம்மை குத்துதலைக் கட்டாயமாக்குதற்கு இடந்தந்தது. பிறகு கன்றின் உடலில் பால் வளர்க்கும் முறை வந்தமையால் கைப்பாலைப் பற்றிய வழக்கு ஓய்ந்தது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையாளராயிருந்த கிங் என்பவர், கம்பளிமயிரிலிருந்து எடுக்கும் கொழுப்பிற் பாலைக் குழைத்து வெயிலிற் கெடாது காக்கும் வகை கண்டனர். அவர் பெயரால் 1899-இல் கிண்டியில் அமைந்த நிலையமே இன்றும் கிங் நிலையம் எனப்படுவது. கன்றுப்பால் வந்தபின் பசுவை வருத்தலாகாது என்று ஒரு புதிய தடை எழுந்தது. காந்தியடிகளும் அம்மை குத்துதலை விரும்பிலர். வழக்கு ஒன்று ஓய மற்றொன்று பிறத்தல் உலகியல்பு.

அரசினர் வந்த வழி இவ்வாறாக, அன்பினால் வந்த வழி ஒன்றும் உண்டு. இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் வரலாற்றை அறியாதார் வடாற்காட்டுப் பகுதியில் இலர். அவர் இளமங்கையாயிருந்தபொழுது திண்டிவனத்தில் ஓரிரவில் மூவர், ஒருவர்பின் ஒருவராய் வந்து கதவைத் தட்டினர். மூவரும் வேறு வேறு குலமும் சமயமும் உடையவர்; மூவர் மனைவியரும் மகப்பேற்று நோவால் உயிர்க்குப் போராடினர். அம்மையாரின் தந்தையார் மருத்துவரே. எனினும் ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொடுதற்கு மூவரும் இசைந்திலர். விடிவதற்குள் மூன்று பெண்டிரும் இறந்தனர். அம்மையார் அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று மீண்டு, 1900-இல் வேலூரில் ஒரு கட்டிலோடு மருத்துவம் தொடங்கினர்; 1902-இல் மருத்துவமனையும் 1918-இல் பெண்டிர்க்கு மருத்துவப் பள்ளியும் கண்டனர்.

எமக்கு இவற்றினும் பெரிதாகத் தோன்றுவது அவர்தம் சாலையோர மருத்துவம். மருத்துவமனை கட்டியபின்னும் ஊரார் நோய் முற்றிய பின்னரே வருதலைக் கண்டு, அம்மையார் தாமே புறப்பட்டனர். முதலில் மாட்டுவண்டி, பின்னர் மோட்டார் வண்டி. குடியாத்தம் செல்லும் சாலையில் வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த மரநிழல்களில் வண்டி நிற்கும். மோட்டாரை முதன்முறை கண்ட ஊரார் பேயென்று ஓடினர் என்பர். ஓடியவரே பின்னர் விடியுமுன் வந்து சாலையோரத்தில் வரிசையாய் அமர்ந்தனர். சிறுபுண்ணைத் தொடக்கத்திலேயே கழுவிக் கட்டுதல், கண்ணோய்க்கு மருந்திடுதல், கருவுற்ற பெண்டிரைப் பார்த்தல், பிற்காலத்துத் தொழுநோயரை மறைவின்றி அதே நிழலில் இருத்தி மருந்து தருதல் என்று அப்பணி விரிந்தது. மரநிழல் எவர்க்கும் உரியது. இன்னார் வீட்டு வாயிலில் வண்டி நின்றிருப்பின் இன்னார் வாரார் என்பதை அவ்வம்மையார் நன்கறிந்திருந்தனர் போலும்.

அன்பர்கள் தம் வீட்டு முதியோர் கையை உற்று நோக்குக. 1970-க்கு முற்பட்டுப் பிறந்தார் பலர்க்கு வட்டமாய்க் குழிந்த வடு ஒன்று காணப்படும். அது வைசூரிக்குக் குத்தியது. எம் போல்வார்க்கும் எம்மினும் இளையார்க்கும் இடத்தோளிற் காணப்படும் சிறு வடு வேறு. அது காசநோய்க்கு இடும் பி.சி.ஜி. ஊசியால் ஆயது. இவ்வூசி நம் நாட்டில் 1948-இல் மதனப்பள்ளியில் தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே கிண்டியில் மருந்து செய்யும் கூடமும் அமைந்தது. 1951 முதல் பெருந்திட்டமாய் நடைபெற்ற காலத்தில் குழுவினர் ஒவ்வோர் ஊருக்கும் இருமுறை வருவர். முதன்முறை சோதனை ஊசி. மூன்றாம் நாள் மீண்டுவந்து தடிப்பை அளந்து, தடிப்பில்லார்க்கே காப்பூசி இடுவர்.

இதனை 1955-இல் இராஜாஜி கடுமையாய் எதிர்த்தெழுதினர். பயன் ஐயத்திற்குரியதாயிருக்க, நோயற்ற பிள்ளைகள் அனைவர் உடலிலும் இதனைச் செலுத்துதல் தகாதென்பது அவர் கொள்கை. அறிவியலுக்குப் பகைவர் என்று அவரை அன்று பலர் இகழ்ந்தனர். பின்னர்ச் செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968 முதல் இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்ட மக்களிடம் ஊரூராய்ச் சென்று செய்த பெருஞ்சோதனையில், வயது வந்தோரின் நுரையீரற் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆயினும் பச்சிளங் குழந்தைகளின் மூளையுறையைப் பற்றும் கொடிய காசத்தைத் தடுக்கும் வலிமை அதற்குண்டென்பது பிற சோதனைகளால் தெளிவாயிற்று. அதனாலேயே இன்றும் பிறந்த குழந்தைக்கு இடுகின்றனர். ஐயுற்றவரும் முற்றும் பிழைத்தவரல்லர், ஊசி இட்டவரும் முற்றும் பிழைத்தவரல்லர். இதனை அறுதியிட்டவரோ, அந்தச் செங்கற்பட்டு ஊர்களில் ஆண்டுக்கணக்காய்க் கைநீட்டி, சளி கொடுத்து, கணக்கில் நின்ற குடியானவரும் கூலியாளருமே.

வைசூரியின் முடிவும் ஊர்தேடி நடந்தாராலேயே வந்தது. 1962-இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியும், எல்லார்க்கும் குத்திவிட்டால் போதும் என்றிருந்த நாள்வரை நோய் மாயவில்லை. தப்பியவர் யாவர் எனின், சேரியாரும், நாடோடிகளும், கூலிக்கு இடம்பெயர்வாருமே. பின்னர்ப் பணியாளர் வீடுவீடாய்ச் சென்று, அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் காட்டி, இத்தகையார் எங்கேனும் உளரோ என்று வினவினர். கண்டுரைப்பார்க்குப் பரிசும் அறிவித்தனர். நோய் கண்ட வீட்டைச் சூழ்ந்த அனைவர்க்கும் பிளவுநுனி ஊசியாற் குத்தினர். தமிழ்நாட்டில் வடமாநிலங்களுக்குச் சில ஆண்டுகள் முன்னரே நோய் அற்றது. 1975 மே திங்களுக்குப் பின் இந்தியாவில் எவரும் அதனைக் கண்டிலர். 1980 மே திங்களில் உலகம் முழுதும் ஒழிந்ததென்று உலக நலவாழ்வு நிறுவனத்தார் அறிவித்தனர்.

இந்நாளில் நம்மைக் கொல்வன வேறு. நீரிழிவும் குருதியழுத்தமும் கொப்புளம் காட்டுவதில்லை. வேப்பிலை செருகும் வாயிலும் அவற்றிற்கில்லை. தமிழ்நாட்டரசினர் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இவ்விரண்டையும் வீட்டிற்கே சென்று கண்டு மருந்தளிப்பதை நோக்கமாக உடையது. அப்பணியாளர் எட்டாத நாட்களிலும் இடங்களிலும் நம் சங்க வண்டி செல்லுமாயின் நன்றே.

வண்டி நம் சங்க மண்டப வாயிலில் நிற்றல் வேண்டுமென்று நிர்வாகக் குழுவினர் சிலர் கருதுவதாகக் கேள்வியுறுகின்றோம். நிதி நம்முடையது, ஆகலின் இடமும் நம்முடையதாகுக என்பது அவர்தம் வாதம். நீரிழிவு நம் தெருவோடு நிற்பதாயின் இவ்வாதம் பொருந்தும். காசமும் பிற தொற்றுகளும் அங்ஙனம் நில்லாமையை மேலே கண்டோம். மண்டப வாயிலில் நிற்கும் வண்டியை நோக்கிக் காலனியிலிருந்து ஒரு தாய் தன் பிள்ளையோடு வருவாளோ என்பதை அக்குழுவினரே தம் நெஞ்சைக் கேட்டறிக. பள்ளிக்கூடத்தை அடுத்து, நான்கு தெருவும் காலனிச் சாலையும் கூடுமிடத்தில் பெரிய புளியமரம் ஒன்றுளது. வண்டி அதனடியில் நிற்றல் வேண்டும் என்று செயலாளர் அவர்கட்கு எழுதியனுப்பியுள்ளோம். ஐப்பசித் திங்கட் பொதுக்கூட்டத்தில் இது வாக்கிற்கு வரும். வாக்குரிமையுடைய தாய்மாரும் தவறாது வருக.